துடைப்பக்கட்டை இல்லாமல் எல் தாத்தியோவில்

கொதிகலன் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உயரழுத்த ஆவிக் குழாய் எங்கேயோ ஒழுகுகிறது, காதைக் கிழிக்கும் சீறல் மட்டும் கேட்கிறது என்றால் கண்ணை நம்பிக் கிட்டே போக மாட்டோம். நீளமான துடைப்பக்கட்டை ஒன்றை முன்னால் நீட்டி, காற்றைத் துழாவிக்கொண்டே அடி அடியாக நகர்வோம். கட்டையின் முனை எங்கே பிய்த்துக்கொண்டு போகிறதோ அங்கே ஒழுக்கு. ஏனென்றால் அசல் நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் புகைபோல் நாம் பார்ப்பது ஆவி குளிர்ந்து பொடித் துளிகளாக மாறியதை. ஒழுக்குக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு இடைவெளி இருக்கும். ஆளைக் கொல்வது அந்த இடைவெளிதான். அனல்மின் நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் எங்கே சீறல் கேட்டாலும் கை ஒரு கட்டையைத் தேடும்.

2019 ஜூலையில் ஒரு விடிகாலை, சிலி நாட்டின் வடக்கே அட்டகாமா பாலைவனத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடத்தின் பெயர் எல் தாத்தியோ. எண்பதுக்கும் மேற்பட்ட வெந்நீரூற்றுகள் ஒரே சமவெளியில் குமுறிக்கொண்டும் சீறிக்கொண்டும் இருந்தன. பக்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து கேமராவைத் தூக்கினார்கள். எனக்கு வந்த முதல் யோசனை, கையில் கட்டை இல்லையே என்பது.

போனது மகளால். அவள் சாந்தியாகோவில் வேலை பார்க்கிறாள். அந்த ஜூலை 2ஆம் தேதி சிலியில் முழுச் சூரிய கிரகணம். லா செரேனா பக்கம் நன்றாகத் தெரியும், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று டிக்கெட்டே போட்டுவிட்டாள். கிரகணம் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். "அது முடிஞ்சதும் வடக்கே போய் கீசர் பாக்கப் போறோம்ப்பா" என்று அவள் போனில் சொன்னதும் என் மனைவி, "அதான் பாத்ரூம்ல ஒண்ணு தொங்குதே, அதுக்கு எதுக்குடி அவ்வளவு தூரம்" என்றாள். ஆனால் இரண்டும் ஒரே சொல்தான். ஐஸ்லாந்தில் 'கெய்சிர்' என்று ஒரு ஊற்று இருக்கிறது. அதன் பெயர் உலகத்து வெந்நீரூற்றுகளுக்கெல்லாம் பொதுப்பெயராகி, கடைசியில் நம் குளியலறைச் சுவரில் வந்து மாட்டிக்கொண்டது.

சாந்தியாகோவிலிருந்து கலாமாவுக்கு விமானம். அங்கிருந்து சாலை வழியாக சான் பெத்ரோ தே அட்டகாமா. மண் சுவர்களும் புழுதித் தெருக்களும் கொண்ட சின்ன ஊர், ஆனாலும் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். அங்கே இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளாமல் மேலே போகக் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மலை உயரத்தில் வரும் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்கல் எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பக்கத்தில் 'புனா' என்கிறார்கள். அதற்குக் கோக்கா இலைத் தேநீர் கொடுக்கிறார்கள். கசப்பும் இல்லை இனிப்பும் இல்லை, வைக்கோலை ஊறவைத்தது மாதிரி இருந்தது. என் மனைவி இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

காலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பாலும் மண் சாலை, ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள், ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. வண்டி ஓட்டியவரே வழிகாட்டியும். ஐம்பது வயதிருக்கும். என்னை 'தோன்' என்று கூப்பிட்டார். வயதில் மூத்தவரைப் பெயருக்கு முன்னால் அப்படிச் சொல்வது அங்கே மரியாதை, நம் அண்ணாச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "டான்னு கூப்பிடறாரா? நல்லா ஆளைப் பாத்துதான் கூப்பிடறார்" என்றாள் மனைவி. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு வார்த்தை 'தெஸ்பாசியோ'. மெதுவாக. இறங்கும்போது மெதுவாக, நடக்கும்போது மெதுவாக, குனியும்போது மெதுவாக.

வேனை விட்டு இறங்கியபோது மைனஸ் 12 டிகிரி. மூக்குத் துவாரத்துக்குள் முடி விறைப்பது தெரிந்தது. பத்தடி நடந்தேன், மாடிப்படி மூன்று தளம் ஓடி ஏறியது மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மகள் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வைத்திருந்தாள். எனக்கு 82 காட்டியது. மனைவிக்கு 88. அன்று முழுக்க அந்த ஆறு எண்ணை அவள் விடவில்லை.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

சுற்றிலும் எரிமலைகள் கறுப்பாக நின்றன. நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு தட்டைவெளி. அதில் அங்கங்கே தரையிலிருந்து வெள்ளைத் தூண்கள் நேராக மேலே போய்க்கொண்டிருந்தன. துளிக் காற்று இல்லை. விடியலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போவதன் ரகசியம் இதுதான். அந்தக் குளிரில்தான் ஆவி வெளியே வந்த கணத்திலேயே துளியாகி இவ்வளவு பெரிய தூணாகத் தெரியும். ஊற்று சின்னது, தூண் பெரியது. நீர் எழும்பும் உயரத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலானவை ஒரு மீட்டருக்கும் குறைவு. சில மட்டும் ஐந்தாறு மீட்டர் எழும்பலாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். எண்ணிக்கைக் கணக்கில் யெல்லோஸ்டோன், ரஷ்யாவின் கம்சாத்காவில் உள்ள கெய்சர் பள்ளத்தாக்கு, அதற்கு அடுத்து உலகத்திலேயே இதுதான். தென் அரைக்கோளத்தில் இதைவிடப் பெரியது கிடையாது.

எனக்கு ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒரு பக்கம் பாதுகாப்பு வால்வு லேசாகத் தூக்கி உட்காரும்போது வரும் 'ப்ஸ்ஸ்'. இன்னொரு பக்கம் வடிகால் தொட்டியில் கொதிநீர் விழும்போது வரும் தடதடப்பு. ஒரு குழியிலிருந்து, பம்பு வறண்டு ஓடும்போது வரும் அந்தக் கரகரப்பு. என் வேலைக் காலத்தில் இந்தச் சத்தங்களில் எது ஒன்று கேட்டாலும் ஆள் ஓட வேண்டும், போன் போட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கின்றன, யாரும் ஓடவில்லை. "என்னங்க, ஆபீசுக்கு வந்த மாதிரி இருக்குமே உங்களுக்கு" என்றாள் மனைவி. இருந்தது. ஆனால் எல்லா அலாரமும் சேர்ந்து அடிக்கும் ஆபீஸ்.

வழிகாட்டி ஒரு குழியைக் காட்டி, இங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதிக்கும் என்றார். எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லும் நீராவி அட்டவணையை நான் மனதுக்குள் புரட்டினேன். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம். பார் என்பது எங்கள் அழுத்த அளவு, கடல் மட்டத்துக் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஒரு பார். அட்டவணையில் 0.6 பார் என்ற வரிக்கு நேரே 85.9 என்று போட்டிருக்கும். அச்சில் மட்டும் பார்த்த வரி அது. எங்கள் வேலையில் அந்த வரிக்குத் தேவையே வராது; நாங்கள் 150 பாருக்கும் மேலே குடித்தனம் செய்தவர்கள். அது என் காலடியில் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஒரு பையில் முட்டைகளைக் கட்டிக் குழிக்குள் இறக்கினார். பால் பாக்கெட்டுகளையும் கூடவே போட்டார். கொஞ்ச நேரத்தில் காலை உணவு தயார். 86 டிகிரியில் முட்டை வெந்துவிடுகிறது. சோறு வேகுமா என்று மனைவி கேட்டாள். குக்கர் இருந்தால் வேகும் என்றேன்.

ஊற்று எப்படி வேலை செய்கிறது என்று அவர் ஸ்பானிய மொழியில் விளக்க, மகள் தமிழில் சொன்னாள். பாதியிலேயே நான் குறுக்கிட்டு மீதியைச் சொல்லிவிட்டேன், பொறுக்கவில்லை. தரைக்குக் கீழே குறுகலான ஒரு குழாய் இருக்கிறது என்று வையுங்கள். அடியில் எரிமலைச் சூடு. குழாய் நிறையத் தண்ணீர். மேலே உள்ள தண்ணீரின் பாரம் அழுத்துவதால் அடித் தண்ணீர் 86ஐ எப்போதோ தாண்டியும் கொதிக்க முடியாமல் கிடக்கிறது. கீழிருந்து ஆவிக் குமிழிகள் ஏறி ஏறி மேலே உள்ள தண்ணீரையும் சூடேற்றுகின்றன. ஒரு கட்டத்தில் உச்சியில் கொதி தொடங்கிக் கொஞ்சம் தண்ணீர் வெளியே சிந்துகிறது. பாரம் குறைகிறது. பாரம் குறைந்ததும் அடுத்த அடுக்கு கொதிக்கிறது, அதற்கும் கீழே உள்ளது கொதிக்கிறது. கொதி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகிறது. உயரழுத்தக் கொதிநீரைத் திடீரென்று தாழ்வழுத்தத் தொட்டிக்குள் திறந்துவிட்டால் ஒரு பகுதி பட்டென்று ஆவியாகும். பிளாஷ் டேங்க் என்போம். இது பூமியே கட்டிக்கொண்ட பிளாஷ் டேங்க், அவ்வளவுதான் என்றேன். மகள் அதை ஸ்பானிய மொழியில் சொன்னாள். வழிகாட்டி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

அந்தக் குழாயைக் கட்டுவது யார் என்பதுதான் எனக்கு அன்று கிடைத்த பாடம்.

சிலிக்கா. மணலில் இருக்கும் அதே சமாச்சாரம். கொதிகலன்காரன் தூக்கத்திலும் பயப்படும் பெயர் அது. தண்ணீரில் கரைந்து வரும் சிலிக்கா, அழுத்தம் ஏற ஏற ஆவியோடும் சேர்ந்து பறக்கும். அப்படியே போய், ஆவியின் வேகத்தில் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் டர்பைனின் இறக்கைகளில் கண்ணாடிப் பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் போகாது, சுரண்டினால்தான் வரும். அதனால் ஆவியில் நூறு கோடிப் பங்கில் இருபது பங்கு சிலிக்காவைத் தாண்டக் கூடாது என்று எங்களுக்கு விதி. அந்த இருபதுக்காக ரசாயனப் பிரிவோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் பதிவாகும். டர்பைனைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

எல் தாத்தியோவில் பார்த்தால் தரையே அதுதான். ஊற்று நீரில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கும் மேல் சிலிக்கா. வெளியே வந்து குளிர்ந்து, வறண்ட காற்றில் உலர உலர, அது படிந்துகொண்டே போகிறது. வெள்ளையும் சாம்பலுமாகப் படிப்படியாக வளர்ந்த வரப்புகள், புற்றுகள், முத்துக் கோத்தது மாதிரி விளிம்புகள். தரைக்குக் கீழே அதே சிலிக்கா குழாயின் விரிசல்களை அடைக்கிறது, சுவரை இறுக்குகிறது. அது இல்லாவிட்டால் ஆவி கிடைத்த சந்தில் எல்லாம் கசிந்து போகும். அழுத்தம் சேராது, பீறிட்டு எழும்பாது. 31 வருடம் நான் சுரண்டிப் போட்டது இங்கே கொத்தனார் வேலை பார்க்கிறது. குனிந்து, தெஸ்பாசியோவாகத்தான், ஒரு விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலால் தொடப் போனவனை வழிகாட்டி தடுத்துவிட்டார். சரியாகத்தான் செய்தார். மெல்லிய ஓடு அது, மிதித்தால் உள்ளே கொதிநீர். கற்களை வரிசையாக அடுக்கி எல்லை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போய் உள்ளே விழுந்து இறந்தவர்கள் உண்டு.

மகள் ஒரு செய்தி சொன்னாள். 2007இல் செவ்வாய்க் கோளில் 'ஸ்பிரிட்' என்ற ஊர்தி, ஏற்கெனவே சுழலாமல் போயிருந்த ஒரு சக்கரத்தால் மண்ணைக் கீறிக்கொண்டே நகர்ந்ததாம். அந்தக் கீறலில் வெள்ளை மண் வெளிப்பட்டது, கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. அதே பகுதியில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சிலிக்கா முடிச்சுகளும் இருந்தன. ஸ்டீவன் ரஃப், ஜாக் ஃபார்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எல் தாத்தியோவின் வாய்க்கால்களில் அதே மாதிரி முடிச்சுகளைக் கண்டு 2016இல் எழுதினார்கள். இங்கே அந்த உருவம் வருவதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருக்கிறது. அப்படியானால் அங்கே எப்படி வந்தது என்பது கேள்வி. பழுதான சக்கரம் ஒன்று கண்டுபிடித்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது. நல்ல சக்கரமாக இருந்திருந்தால் மேலேயே உருண்டு போயிருக்கும்.

வெந்நீர் சின்னச் சின்ன ஓடைகளாக ஓடிச் சேருகிறது. ஓரங்களில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பாசி. மனைவி கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துக்கொள்ளப் போனாள், குளிருக்கு இதமாக இருக்குமே என்று. "அம்மா, வேணாம், அது ஆர்சனிக் தண்ணி" என்றாள் மகள். கையில் பட்டதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆர்சனிக் விஷயம் உண்மை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இந்த ஓடைகள்தான் ரியோ சலாதோ என்ற ஆறாகின்றன. உப்பாறு என்று நேரடிப் பொருள். அது போய் லோவா ஆற்றில் கலக்கிறது. துருவங்களை விட்டால் உலகத்திலேயே வறண்ட பாலைவனத்துக்குக் குறுக்கே கடல் வரைக்கும் போய்ச் சேரும் ஆறு லோவா. குடிக்க, விதைக்க, சுரங்கத்துக்கு என்று எல்லாரும் அதையும் அதன் கிளைகளையும் நம்பித்தான் வாழ வேண்டும். அந்தோஃபகஸ்தா நகரத்துக்கு 1958இல் இந்த மலைப் பக்கத்து ஆற்றுநீரைக் குழாயில் கொண்டுபோனார்கள். தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது. கூடவே ஆர்சனிக்கும் போனது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வரும் வரைக்கும் பன்னிரண்டு வருடம் ஊரே அதைக் குடித்தது. அந்தக் காலத்தில் அங்கே பிறந்தவர்களுக்கும் வளர்ந்தவர்களுக்கும் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகமாக வந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீர் வேதியியல் பார்த்துப் பழகியவனுக்கு இதைக் கேட்டபோது அந்தப் பளிங்கு ஓடை வேறு மாதிரித் தெரிந்தது. மனைவி கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

சமவெளியின் ஓரத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றுலா ஆட்கள் அதற்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே போய் நின்றேன். விளிம்புத்தட்டு, போல்ட் துளைகள், எல்லாம் தெரிந்த முகங்கள். இங்கே மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் துளை போட்டவர்கள் இத்தாலியப் பொறியாளர்கள், 1920களின் தொடக்கத்தில். புவிவெப்ப மின்சாரத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே இத்தாலியின் லார்தெரெல்லோதான். பிறகு 1960களின் கடைசியிலும் 70களிலும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு சிலி அரசு 13 கிணறுகள் தோண்டியது. கீழே 260 டிகிரியை ஒட்டி வெப்பம் இருப்பது தெரிந்தது. கிட்டத்தில் செப்புச் சுரங்கங்கள், அவற்றின் தீராத மின்சாரப் பசி. கணக்கு சரியாகத்தான் வந்தது, ஆனால் நிலையம் வரவில்லை.

மறுபடியும் 2000களில் ஆரம்பித்தார்கள். 2009 செப்டம்பரில் ஒரு கிணறு கைமீறிப் போனது. சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு ஆவித் தூண், வாரக்கணக்கில். அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடும் அட்டகாமாப் பழங்குடி மக்கள், லிக்கான் ஆந்தாய் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், முன்பே எதிர்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அதோடு அந்தத் திட்டம் நின்றது. இப்போது கஸ்பானா, தோகோன்சே என்ற இரண்டு ஊர்ச் சமூகங்கள் இந்த இடத்தை நடத்துகின்றன. வாசலில் பேசோவை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தது அவர்கள்தான்.

நான் மின்சாரக்காரன். ஓர் ஆவிக் கிணற்றைப் பார்த்தால் எத்தனை மெகாவாட் என்று கேட்கத்தான் பழகியிருக்கிறேன். அந்தக் கிணறு கைமீறிய நேரத்தில் அங்கே பணியில் இருந்தவனை நினைத்தால் வயிறு பிசைகிறது. நள்ளிரவில் கொதிகலன் குழாய் வெடித்து ஒழுகும் ட்யூப் லீக்கில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆனாலும் எல் தாத்தியோவில் துளை போடாததே நல்லது என்றுதான் தோன்றியது. இதே வட்டாரத்தில் செர்ரோ பபெல்யோன் என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், 2017இல் 48 மெகாவாட் புவிவெப்ப நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. தென் அமெரிக்காவின் முதல் பெரிய புவிவெப்ப நிலையம் அது. அங்கே மேலே வெந்நீரூற்று எதுவும் இல்லை, கெடுவதற்கும் ஒன்றும் இல்லை. மின்சாரம் எடுக்க வேறு இடம் கிடைக்கும். இந்தக் கொத்தனார் வேலையை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? வேலையில் இருந்த காலத்தில் இதைச் சொல்லியிருப்பேனா தெரியாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தியோ என்பது குன்சா மொழிச் சொல்லாம். அம்மக்களின் பழைய மொழி, இன்று பேசுவார் இல்லை. 'அடுப்பு' என்று பொருள் சொல்கிறார்கள். வழிகாட்டி வேறு ஒன்று சொன்னார்: அழுகிற தாத்தா. 'தாத்தா' என்றேன் நான். 'தாத்தா' என்றார் அவரும். இரண்டு பேரும் சிரித்தோம். உடனே தமிழுக்கும் குன்சாவுக்கும் தொப்புள்கொடி உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாதி உலகத்தில் குழந்தை வாயில் வரும் சொல்தான் அது.

ஏழரையைத் தாண்டியதும் கிழக்கு மலைக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்தது. முதல் கதிர் பட்டதும் தூண்கள் எல்லாம் பொன்னாகின. கேமராக்களுக்கு அதுதான் உச்சம். எட்டரை வாக்கில் காற்று சூடேறத் தொடங்கியது. தூண்கள் குட்டையாகி, கிழிந்து, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. "முடிஞ்சுது போல" என்று பக்கத்து வேன் ஆட்கள் கிளம்பினார்கள். ஊற்று காலையில் மட்டும்தான் வேலை செய்யும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டு போகிறார்கள். எதுவும் நிற்கவில்லை. வறண்ட காற்று வெதுவெதுப்பானதும் துளிகளை உடனுக்குடன் குடித்துவிடுகிறது, அவ்வளவுதான். கண்ணை மூடிக் கேட்டால் அதே சீறல், அதே தடதடப்பு, அதே கரகரப்பு. கூட்டம் போனதில் இன்னும் தெளிவாகவே கேட்டது.

அந்த நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இடுப்பு உயரம்கூட எழும்பாத ஒரு சின்ன ஊற்றின் முன்னால் கற்களுக்கு இப்பால் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப்பை நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். பீறல் தொடக்கம், பீறல் முடிவு, இடைவெளி. விரல் விறைத்து எழுத்து கோணிக்கொண்டது. மூன்று நிமிடம் பத்து வினாடி. மூன்று ஐந்து. மூன்று பன்னிரண்டு. அந்த ஒழுங்கு என்னை உலுக்கிவிட்டது. யாரும் வால்வைத் தொடவில்லை, யாரும் கட்டுப்பாட்டு அறையில் இல்லை. ஊர் திரும்பிய பிறகு மகள் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினாள். 2012 அக்டோபரில் ஒரு வாரம் முழுக்க, இதே எல் தாத்தியோவில் ஓர் ஊற்றின் குழாய்க்குள்ளேயே அழுத்தமானியும் வெப்பமானியும் இறக்கி அளந்திருக்கிறார்கள். சுழற்சிக்கு 132 வினாடி. வெளியே குளிர் ஏறினாலும் இறங்கினாலும், காற்றழுத்தம் மாறினாலும் அது கண்டுகொள்ளவே இல்லையாம். குழாய்க்குள் கருவி இறக்கியவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்று பேர் காத்திருக்க நான் ஒன்பது பீறல்கள் எழுதினேன். பத்தாவதுக்கு முன்னால் வேன் ஹாரன் அடித்தது. கையைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்றேன். "தோன்!" என்று குரல் வந்தது. அதில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

திரும்பும் வழியில் விகுஞ்யாக்கள் கூட்டமாக மேய்ந்தன, மான் மாதிரி ஒல்லியான ஒட்டகக் குடும்பம். புத்தானா எரிமலையின் உச்சியில் லேசான புகை. மச்சுகா என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தினார்கள். புல் வேய்ந்த கூரைகள், குன்றின்மேல் வெள்ளைத் தேவாலயம், கரியில் வாட்டிய லாமா இறைச்சிக் குச்சிகள். நாங்கள் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த எம்பனாதா சாப்பிட்டோம். இறங்க இறங்க என் தலைவலி விட்டது.

வேனில் மனைவி என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். நேரம், கால அளவு, குறிப்பு என்று மூன்று பத்திகள். எனக்கே தெரியாமல் கோடு போட்டு, ஓரத்தில் ஷிப்ட் என்றுகூட எழுதியிருந்தேன்.

"ரிட்டையர் ஆகியும் லாக் ஷீட்டா?"

"ஒன்பதுதான் எழுத முடிஞ்சுது."

"பத்தாவது வந்திருக்கும். நீங்க பாக்கலேன்னா அது நின்னுடுமா" என்று சொல்லிவிட்டு, ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தாள். 91. என் விரலை இழுத்தாள். 87.

"பாத்தீங்களா" என்றாள்.